கியர் பாக்ஸுக்குக் காற்றில் ஆயில் ஏற்றுவது: வீட்டுக்கு எந்தச் சாமான், எத்தனை பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) காற்று?

#1 கம்பம்மெட்டு_ஃபோர்வீல் (கம்பம்)

அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேணும். வீட்டில் 1 எச்.பி. கம்ப்ரஸர் இருக்கு, 24 லிட்டர் டேங்க். வண்டி ரெண்டு. ஒன்னு ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குற பழைய ஃபோர்வீல் ஜீப். இன்னொன்னு ஆட்டோமேட்டிக் கார், டிப்ஸ்டிக் கிடையாது, அடியில் ஓவர்ஃப்ளோ பிளக் (மட்டத்துக்கு மேல போன ஆயில் வழியுற துளையோட மூடி) மட்டும்.

கடையில் மூணு விதமா காட்டுறாங்க. காற்றை உள்ளே விட்டு ஆயிலைத் தள்ளுற டேங்க், கொக்கி கொக்கியா அடாப்டரோட வருது. காற்றை ஊதவிட்டு ஆயிலை உறிஞ்சுற வேக்குவம் டேங்க். வாளிக்கு மேல உட்காருற ஏர் பம்ப். எதை வாங்கலாம்? மருந்தடிக்கிற டேங்கையே மாத்திக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், அது சரிப்படுமா?

#2 குழித்துறை_ஸ்பேனர் (குழித்துறை)

மூன்றும் மூன்று வேலைக்கு உள்ளவை தம்பி. விலையை விடு, காற்றுக் கணக்கைப் பார்.

தள்ளும் டேங்க்: 5 லிட்டர் டேங்கில் 3 லிட்டர் ஆயில் ஊற்றி, 2 லிட்டரை வெளியே அனுப்புவதாக வை. ஆயிலுக்கு மேலே உள்ள காலி இடம் 2 லிட்டரிலிருந்து 4 லிட்டராகும். அந்த 4 லிட்டர் இடத்தை 1 பாரில் வைத்திருக்க வெளிக்காற்று 6 லிட்டர் போதும். உன் கம்ப்ரஸர் டேங்க் 8 பாரில் நிரம்பியிருந்தால் அதில் 190 லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். ஒரு முறை நிரப்பினால் மோட்டார் மறுபடி ஓடாமலே வேலை முடியும். சொல்லப்போனால் சைக்கிள் பம்பே போதும்.

வேக்குவம் டேங்க்: இது வெஞ்சுரி, குறுகிய வாயில் காற்று பாயும் வேகத்தில் உறிஞ்சுவது. காற்று ஊதிக்கொண்டே இருந்தால்தான் உறிஞ்சும். நிமிடத்துக்கு 170 லிட்டர் அளவில் காற்று கேட்கும். 1 எச்.பி. கம்ப்ரஸர் அழுத்தத்தோடு தருவது 100 லிட்டருக்கும் கீழே. 8 பாரிலிருந்து 5 பார் வரை இறங்க ஒரு நிமிடம், அதற்குப் பிறகு சீறும், உறிஞ்சாது. டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் பழைய ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயில்) எடுக்க நல்ல சாமான். கெட்டியான கியர் ஆயிலுக்கு ஆகாது, ஏனென்றால் எவ்வளவு உறிஞ்சினாலும் 1 பாருக்கு மேல் இழுக்க முடியாது, நடைமுறையில் 0.8 வந்தாலே பெரிது.

வாளி பம்ப்: 3:1, 5:1 என்று போட்டிருக்கும். 5:1 என்றால் 6 பார் காற்றுக்கு 30 பார் ஆயில். 200 லிட்டர் பேரல் வைத்து நீள ஹோஸில் ஓட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு உள்ளது. உனக்கு வேண்டாம். கிரீஸ் பம்பை இதற்கு எடுக்கவே எடுக்காதே, அது 50:1.

ஆக, முதல் வகை.

#3 சாரல்_செங்கோட்டை (செங்கோட்டை)

ஸ்பேனர் அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா எல்லாரும் காற்றைக் கூட்டுறதைப் பத்தியே பேசுதாங்க, ஹோஸைப் பத்திப் பேச ஆளில்லை. கெட்டியான ஆயில் குழாயில் ஓடுறது உள்விட்டத்தோட நாலாம் படிக்கு. அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா ஓட்டம் ரெண்டு மடங்கு. விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா பதினாறு மடங்கு.

80டபிள்யூ-90 ஆயில், 30 டிகிரி, 1.5 மீட்டர் ஹோஸ், 1 பார் காற்று (14.5 பாயிண்ட்). தோராயக் கணக்கு இது:

6 மி.மீ. உள்விட்டம்: நிமிடத்துக்கு 0.6 லிட்டர்
8 மி.மீ.: 1.8 லிட்டர்
10 மி.மீ.: 4.5 லிட்டர்

ஏ.டி.எஃப். அஞ்சு மடங்கு இளக்கம், அதுக்கு 6 மி.மீ. போதும். கியர் ஆயிலுக்கு 8 மி.மீ. உள்விட்டம். கடையில் பி.யு. ஹோஸ் "8 மி.மீ." னு கேட்டா வெளிவிட்டம் 8 உள்ளதைத் தருவாங்க, உள்ளே 5 அல்லது 5.5 தான் இருக்கும். உள்விட்டத்தைச் சொல்லிக் கேளுங்க.

நிப்பிளையும் பார்க்கணும். உள்துளை 4 மி.மீ., நீளம் 3 செ.மீ. உள்ள நிப்பிள் மூணு வரிசையா நின்னா, 8 மி.மீ. ஹோஸோட ஓட்டம் பாதியாயிரும். டிரில் பிட் போட்டு 6 மி.மீ. ஆக்கிக்கிட்டா தொல்லை தீர்ந்தது, சுவர் தடிமன் இருந்தா மட்டும்.

#4 கோபாலபுரம்_புனல் (பொள்ளாச்சி)

ஏனுங்க, ஒரு ஜீப்புக்கு 2 லிட்டர் ஊத்த இத்தனை சாமானுங்களா? செங்கோட்டைக்காரர் கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்க. 1 மீட்டர் உயரத்துல புனலைக் கட்டுனா 0.087 பார் அழுத்தம் சும்மாவே கிடைக்குது. 6 மி.மீ. ஹோஸ்ல அது நிமிஷத்துக்கு 50 மில்லி, 2 லிட்டருக்கு 40 நிமிஷம். அதனாலதான் ஜனங்க "புனல்ல இறங்காது"ங்கறாங்க. அதே 12 மி.மீ. உள்விட்டம் போடுங்க, நிமிஷத்துக்கு 0.8 லிட்டர். 2 லிட்டர் இரண்டரை நிமிஷத்துல முடிஞ்சுதுங்க. கரண்ட்டும் வேண்டாம், வால்வும் வேண்டாம்.

புனலோட வால் மட்டும் 8 மி.மீ. இருந்தா காரியம் கெட்டுது, வாலை வெட்டி அகலப் பக்கத்துல ஹோஸை ஏத்தோணும். கொத்தனார் மட்டம் பார்க்கற கண்ணாடி டியூபே 12 மி.மீ. கிடைக்கும். ஆயில் பட்டா கொஞ்ச நாள்ல விறைச்சுப் போகும், வருஷத்துக்கு ஒரு மீட்டர் புதுசு வாங்கிக்கலாம். சிலிகான் ஹோஸ் வேண்டாம், ஆயில்ல ஊதும்.

#5 குழித்துறை_ஸ்பேனர்

புனல்காரர் சொல்வதை மறுக்கவில்லை. மேலிருந்து நேராக ஹோஸ் இறங்கும் வண்டிக்கு அதுதான் உத்தமம். 12 மி.மீ. டியூப் வெளியே 16 மி.மீ. வரும். ஃபில்லர் துளை சின்னதாக இருந்தாலோ, துளைக்கு எதிரே 5 செ.மீ. யில் கிராஸ் மெம்பர் நின்றாலோ அதை வளைத்து நுழைக்க முடியாது. அங்கேதான் மெல்லிய கொக்கியும் காற்றும் தேவை. டிசம்பரில் குமுளிப் பக்கம் காலை வேளையில் ஊற்றினால் ஆயில் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி, உங்கள் இரண்டரை நிமிடம் ஆறேழு நிமிடமாகும். கேனை வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் சரியாகும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

#6 தறிகெட்ட_போல்ட் (போடி)

எதுக்கு டேங்க் வாங்கணும். 20 லிட்டர் ஆயில் வாளி மூடியில ரெண்டு ஓட்டை போட்டு, ஒன்னுல டியூப்லெஸ் டயர் வால்வு, ஒன்னுல ஹோஸ். எம்-சீல் வச்சா ரெடி. 30 பாயிண்ட் விட்டா பறக்கும்.

#7 சாரல்_செங்கோட்டை

பறக்கிறது ஆயில் இல்ல அண்ணாச்சி, மூடி. வாளி வாய் 25 செ.மீ. விட்டம்னா பரப்பு 490 சதுர செ.மீ. 1 பாரிலேயே மூடியைத் தூக்குற விசை 500 கிலோ. நீங்க சொல்ற 30 பாயிண்ட்ல ஒரு டன்னுக்கு மேல. அந்த மூடி நிக்கிறது பிளாஸ்டிக் விளிம்போட பிடிப்புல. பெயிண்ட் டின், தண்ணி கேன், குளிர்பான பாட்டில் எல்லாம் இதே கதைதான்.

4 அங்குல பி.வி.சி. குழாயில் ரெண்டு பக்கம் மூடி ஒட்டிச் செய்யுறதையும் வீடியோக்கள்ல காட்டுதாங்க. குழாயில் எழுதியிருக்கிற அழுத்தம் தண்ணிக்கு உள்ளது. தண்ணி சுருங்காது, உடைஞ்சா ஒழுகும், அவ்வளவுதான். காற்று சுருங்கி நிக்கிறது வில்லு மாதிரி, உடைஞ்சா சில்லு சில்லாத் தெறிக்கும். பி.வி.சி.யைக் காற்றுக்கு எடுக்கவே கூடாது.

#8 தறிகெட்ட_போல்ட்

ஒரு டன்னா? சரி, வாளி யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். 😄

#9 குழித்துறை_ஸ்பேனர்

மருந்தடிக்கிற டேங்க் கேள்விக்கு வருவோம். செய்யலாம், நன்றாகவே செய்யலாம். முதுகில் மாட்டும் பெரிய டேங்க் அல்ல. அதில் அழுத்தம் நிற்பது உள்ளே இருக்கும் சின்ன அறையில் மட்டும், டேங்க் உடம்பு அழுத்தம் தாங்காது. வேண்டியது கையில் தூக்கும் 5 லிட்டர் பிரஷர் ஸ்பிரேயர், மேலே கைப்பிடி பம்ப், பக்கத்தில் அழுத்தம் விடும் வால்வு உள்ளது.

புதியது வாங்கு. மருந்தடித்த டேங்க் எத்தனை முறை கழுவினாலும் மருந்தின் பிசுக்கும் தண்ணீரும் மூலையில் நிற்கும். மலைத்தோட்டக்காரர்கள் வீட்டில் பழசு நாலு கிடக்கும் என்பதால் சொல்கிறேன்.

செய்முறை: முனையில் உள்ள ஈட்டி (பீய்ச்சும் நீளக் குழல்), நாசில், உள் ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்று. டேங்கிலிருந்து வெளியே வரும் ஹோஸ் 5 மி.மீ. இருந்தால் அதையும் மாற்றி 8 மி.மீ. உள்விட்டம் உள்ள எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஃபியூல் ஹோஸ் போடு, இரு பக்கமும் ஸ்குரூ கிளாம்ப். ஹோஸின் கடைசி முனையில், அதாவது வண்டிப் பக்கம், கால் அங்குலப் பித்தளை பால் வால்வு. வால்வை டேங்க் பக்கம் வைப்பது எல்லோரும் செய்யும் தப்பு. 1.5 மீட்டர் ஹோஸில் 75 மில்லி ஆயில் நிற்கும், டேங்கில் மூடினால் அது முழுக்க உன் முகத்தில்தான் சொட்டும். வால்வுக்குப் பிறகு 8 மி.மீ. செம்புக் குழாய் 15 செ.மீ., நுனியைக் கொக்கியாக வளைத்து, அரத்தால் பிசிறு எடுத்துவிடு. குழாய்க்குள் மணல் நிரப்பி வளைத்தால் நசுங்காது, பிறகு மணல் ஒரு துகள் இல்லாமல் கழுவ வேண்டும்.

உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைக் கவனி. ஈ.பி.டி.எம். ரப்பர் என்றால் மினரல் ஆயிலில் ஊதிப் போய் பம்ப் தண்டு இறுகும். அதே அளவில் நைட்ரைல் ஓ-ரிங் மாற்று.

கம்ப்ரஸர் இணைக்கத்தான் வேண்டும் என்றால் டேங்க் உடம்பில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து, அதில் பாதிக்கு மேல் போகாதே. வேலை அழுத்தம் 10 முதல் 15 பாயிண்ட். இடையில் ரெகுலேட்டர் கட்டாயம். 0–10 பார் கேஜ் உள்ள ரெகுலேட்டரில் 0.7 பாரைப் படிக்கவே முடியாது, முள் அடிக்கோட்டில் நடுங்கும். 0–2 அல்லது 0–4 பார் கேஜ் மாற்றிக்கொள். மலிவு ரெகுலேட்டர் ஓட்டம் நின்றதும் மெல்ல ஏறும். அதனால் டேங்கின் சொந்த சேஃப்டி வால்வைக் கையால் இழுத்து, சீறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்.

உண்மையில் 5 லிட்டருக்குக் கைபம்பே போதும். 20 குத்து குத்தி, ஓட்டம் மெலிந்தால் மறுபடி 10.

#10 கம்பம்மெட்டு_ஃபோர்வீல்

நன்றி அண்ணே. அப்போ கம்ப்ரஸரே வேண்டாம்னு ஆகுது! இன்னொரு சந்தேகம். எங்க பக்கம் மழைக்காலத்தில் காற்றே ஈரமா இருக்கும். அந்தக் காற்று ஆயில் மேல படுமே, ஏ.டி.எஃப். கெடாதா?

#11 சாரல்_செங்கோட்டை

சாரல் காலத்துல எங்க ஊர்ல துணியே காயாது, அதனால இந்தக் கேள்வி எனக்குப் புடிச்ச கேள்வி.

ஈரக் காற்று பயப்படுற அளவுக்கு இல்ல. 28 டிகிரியில் முழு ஈரம் குடிச்ச காற்று ஒரு கன மீட்டருக்கு 27 கிராம் தண்ணிதான் வச்சிருக்கும். நாம விடுறது 6 லிட்டர். கணக்குப் போட்டா 0.2 கிராமுக்கும் கீழ, அதுவும் முழுசா ஆயிலுக்குள்ள போகாது.

பகை வேற இடத்துல. கம்ப்ரஸர் காற்றை 8 பாருக்கு அமுக்கும்போது ஈரம் தண்ணியாப் பிரிஞ்சு டேங்க் அடியில் தேங்குது. மழை நாள்ல ரெண்டு மணி நேரம் ஓட்டினா டிரெயின் காக்கைத் திறந்து பாருங்க, பழுப்பா வரும். அந்தத் தண்ணி துளித்துளியா ஹோஸ்ல ஏறி வந்தா ஒரே சீறல்ல பத்து மில்லி விழும். ஏ.டி.எஃப்.ல தண்ணி கலந்தா கிளட்ச் பிளேட்ல இருக்கிற காகித லைனிங்கோட பசை விட்டுரும், அப்புறம் பாக்ஸைப் பிரிக்கிறதுதான். அதனால முதல்ல டிரெயின் காக், பிறகு வாட்டர் டிராப், டிராப் கிண்ணம் கீழே தொங்குற மாதிரி நேரா நிக்கணும். காற்றைத் துணி மேல் அரை நிமிஷம் ஊதிப் பார்த்துட்டு இணைக்கணும்.

இன்னொன்னு, மிச்ச ஆயிலை டேங்கிலேயே மாசக்கணக்கா விட்டு வைக்காதீங்க. பகல் சூடு, ராத்திரி குளிர்னு டேங்க் மூச்சு விட்டு விட்டு ஈரம் சேர்க்கும். கேன்ல ஊத்தி மூடி வைங்க.

#12 குழித்துறை_ஸ்பேனர்

ஜீப் வேலை. பழைய ஃபோர்வீலில் நான்கு இடம்: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டிகள்). ஆயில் ஒன்றல்ல. பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் மாறும்போது உரசி வேகத்தைச் சமன் செய்வது) உள்ள கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 தர ஆயில். ஹைப்பாய்டு கிரவுனுக்கு ஜி.எல்.-5. "5 பெரிசு, அதையே எல்லாத்துக்கும் ஊத்து" என்பார்கள். ஜி.எல்.-5 இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் கலவை அதிகம், சிங்க்ரோ வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும், சூட்டில் பித்தளையையும் அரிக்கும். கியர் விழும்போது கரகர சத்தம் அதில்தான் தொடங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கையேட்டில் உள்ளது.

ஒரே டேங்கில் இரண்டு ஆயில் என்றால் முதலில் ஜி.எல்.-4, பிறகு ஜி.எல்.-5. ஹோஸில் நிற்கும் 75 மில்லி ஜி.எல்.-4 கிரவுனுக்குள் போனால் பெரிய கேடில்லை, மறுபடி திருப்பினால் கேடு. ஏ.டி.எஃப்.க்கு டேங்கும் ஹோஸும் தனி, மேலே பெயிண்டால் எழுது. பிரேக் ஆயிலுக்கு இந்த டேங்கை எடுக்கவே கூடாது, பிரேக் ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும்.

வரிசை: பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயிலை இளக்கு. சமதரையில் நிறுத்தி நான்கு ஸ்டாண்டிலும் ஒரே உயரம், ஜாக்கியை நம்பிக் கீழே போகாதே. முன் சக்கரத்தை மட்டும் ராம்பில் ஏற்றினால் 25 செ.மீ. தூக்கலுக்கு வண்டி 6 டிகிரி சாயும். ஃபில்லர் துளை பாக்ஸின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால் மட்டம் 2 செ.மீ. தப்பும், சிறிய பாக்ஸில் அது அரை லிட்டர் வரை போகும்.

முதலில் ஃபில்லர் பிளக்கைத் திற. இது வராமல் டிரெயினைத் திறந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சதுரக் குழி உள்ள டேப்பர் பிளக்குக்குச் சரியான அளவு சதுரக் கட்டையைப் போடு, ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துத் திருகாதே. பிரீதரையும் (பெட்டி மூச்சு விடும் துளை) அப்போதே கழற்றி ஊதிச் சுத்தம் செய், மலைச் சேற்றில் பாதி வண்டிகளுக்கு அது அடைபட்டே இருக்கும்.

வடிந்த ஆயிலை அள. 1 லிட்டர் கியர் ஆயில் 880 முதல் 900 கிராம், சமையல் தராசில் டேங்கை நிறுத்தி எத்தனை போயிற்று என்று பார்க்கலாம். கோடு போட்டு அளப்பதைவிட இது சுத்தம்.

கொக்கியைத் துளையில் தொங்கவிடு, சுற்றிலும் இடைவெளி இருக்கட்டும், துணி வைத்து அடைக்காதே. வால்வைப் பாதி திற. துளை விளிம்பில் வழியத் தொடங்கியதும் மூடி, பத்து நிமிடம் விடு. கெட்டி ஆயில் பல் இடுக்குகளுக்குள் இறங்கிய பிறகு இன்னும் 100, 150 மில்லி பிடிக்கும். மறுபடி வழியும்போது நிறுத்திப் பிளக் போடு. செம்பு வாஷர் இருந்தால் புதியது. டேப்பர் பிளக்குக்கு டெஃப்ளான் டேப்பைவிட திரவ சீலன்ட் மேல், டேப் நார் நாராகப் பிய்ந்து உள்ளே போகும். அலுமினிய உடம்பில் பிளக்கை மூச்சைப் பிடித்து இறுக்காதே, மரை போனால் ஹெலிகாயில் (மரைக்கு மாற்றான கம்பிச் சுருள்) போட வேண்டி வரும்.

#13 தறிகெட்ட_போல்ட்

பழைய ஆயில் சீக்கிரம் இறங்க ஃபில்லர் துளையில ஏர் கன் வச்சு ஊதுவாங்களே, அது?

#14 குழித்துறை_ஸ்பேனர்

அது ஆயில் சீலுக்கு வைக்கும் உலை. சாதாரண லிப் சீல் (சுழலும் தண்டை ரப்பர் உதட்டால் பிடிக்கும் சீல்) தாங்குவது 0.3 பாரைச் சுற்றியே. ஏர் கன்னில் 6, 7 பார். டிரெயின் துளை ஆயிலால் அடைபட்டு நிற்கும் அந்த ஒரு நொடியில் அழுத்தம் முழுவதும் சீல் மீது போகும், உதடு திரும்பிவிடும். கிளட்ச் பக்கத்து இன்புட் சீல் திரும்பினால் கிளட்ச் பிளேட்டில் ஆயில். நிரப்பும்போது துளையை அடைக்காதே என்று சொன்னதும் இதற்குத்தான்.

#15 ஆரம்பாக்கம்_ஓவர்ஃப்ளோ (ஆரம்பாக்கம்)

ஆட்டோமேட்டிக் பகுதியை நான் எழுதுகிறேன். இதில் ஆயில் ஏற்றுவது பாதி வேலை, மட்டம் பார்ப்பது மீதி.

டிரெயின் செய்தால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வரும். மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜினையும் பெட்டியையும் ஆயிலால் இணைக்கும் பாகம்), கூலரில், வால்வு பாடியில் நிற்கும். வந்ததை அளந்து அதே அளவு ஏற்றுவது தொடக்கம் மட்டுமே.

ஆயில் வகை: கையேட்டில் உள்ளதே. டொயோட்டா டபிள்யூ.எஸ். கேட்கும் இடத்தில் டெக்ஸ்ரான் 3 ஊற்றினால் தடிமனே வேறு. சி.வி.டி.க்கு (கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) சி.வி.டி. ஆயில்தான், சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

மட்டம் பார்க்கும் சூடு: டிரான்ஸ்மிஷன் ஆயிலின் சூட்டை ஓ.பி.டி. கருவியில் (வண்டியின் கணினியில் செருகிப் படிப்பது) படிக்க வேண்டும், கை வைத்துப் பார்ப்பதில்லை. இசட்.எஃப். நிறுவனத்தின் 6 கியர், 8 கியர் பெட்டிகளுக்கு 30 முதல் 50 டிகிரிக்குள். வேறு பெட்டிகளுக்கு இந்த வரம்பு இன்னும் குறுகல், கையேட்டில் பாருங்கள். சூட்டில் ஆயில் விரியும். அதிகச் சூட்டில் மட்டம் பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்து போய், ஆறிய பிறகு குறைவாக நிற்கும்.

எங்கள் பக்கம் தடாவுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நின்ற வண்டியே 40 டிகிரியில் இருக்கும். ஸ்டார்ட் செய்து கியர் மாற்றி முடிப்பதற்குள் 50 தாண்டிவிடும். இரவு முழுக்க நின்ற வண்டி, காலை ஆறு மணி, அதுதான் நேரம்.

முறை: ஃபில்லர் பிளக் வழியாக ஓவர்ஃப்ளோவில் வழியும் வரை இன்ஜின் நிறுத்திய நிலையில் ஏற்று. ஓவர்ஃப்ளோ பிளக்கை மூடு. ஸ்டார்ட் செய், கன்வர்ட்டர் குடிக்கும், மட்டம் இறங்கும், உடனே தாமதமில்லாமல் இன்னும் ஏற்று. புனலுக்கும் காற்று டேங்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் தெரியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, சைலன்ஸர் சுடுகிறது, கையில் நேரமில்லை. வால்வைத் திறந்தால் போகிறது, மூடினால் நிற்கிறது. பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தித் திரும்ப பி. உள்ளே ஒருவர், கீழே ஒருவர், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. சூடு அந்த வரம்புக்குள் வந்ததும் இன்ஜின் ஓடும்போதே ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திற. மெல்லிய கயிறு போல வடிந்து சொட்டாக மாறும்போது மூடு. ஒன்றுமே வரவில்லையா, இன்னும் அரை லிட்டர் ஏற்று.

அழுத்தம்: ஏ.டி.எஃப்.க்கு 5 முதல் 8 பாயிண்ட் போதும். அதிகம் வைத்தால் டேங்க் காலியாகும் நேரத்தில் காற்றும் ஆயிலும் கலந்து நுரையாகப் பாயும். டேங்க் அடியில் எப்போதும் அரை லிட்டர் மிச்சம் இருக்கும்படி ஊற்றிக்கொள்ளுங்கள். நுரை ஓவர்ஃப்ளோவில் வழிந்தால் மட்டம் வந்ததுபோலத் தோன்றும், உள்ளே அரை லிட்டர் குறைவு.

#16 கோபாலபுரம்_புனல்

ஆரம்பாக்கத்துக்காரர் சொன்ன அந்த இன்ஜின் ஓடற கட்டத்துக்குக் காற்று டேங்க் நல்லதுதானுங்க, ஒத்துக்கறேன். ஆனா அடியிலிருந்தே நிரப்பற டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வெட் கிளட்ச் 6 கியருக்கு ஃபோக்ஸ்வேகன் குழுமம் கொடுக்கற அடாப்டரே பாட்டிலை மேல தூக்கிப் பிடிச்சு ஊத்தற வகைதானுங்க. அதுக்கு 35–45 டிகிரியில மட்டம். உள்ள இருக்கற நிலைக்குழாயை (ஆயில் மட்டத்தை நிர்ணயிக்கற குழாய்) 8 மி.மீ. அலன் கீ போட்டுக் கழட்டிப் பழசை வடிச்சு, நிலைக்குழாயைத் திரும்ப மாட்டின பிறகு அடாப்டர் மாட்டி ஏத்தி, மட்டத்துக்கு வழிய விடோணும். அதை மறந்து பிளக்கை மட்டும் போட்டா மட்டம் எங்க நிக்குதுன்னே தெரியாது.

ஏ.எம்.டி. (தானா கியர் மாத்தற மேனுவல்) வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது உள்ளுக்குச் சாதா மேனுவல் பாக்ஸ், கியர் ஆயில்தான். கியர் மாத்தற ஹைட்ராலிக் யூனிட் இருந்தா அதுக்குத் தனி ஆயில், தனி டப்பா. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, கையேட்டுல இல்லாம ஏ.டி.எஃப். ஊத்தாதீங்க.

#17 கம்பம்மெட்டு_ஃபோர்வீல்

புரிஞ்சதுண்ணே. ஜீப்புக்கு 12 மி.மீ. டியூபும் புனலும், பின் கிரவுனுக்கு மட்டும் கொக்கி. காருக்குப் புது ஸ்பிரேயர், கைபம்ப் போதும், ரெகுலேட்டர் வேண்டாம். ஆயில் அதிகமாயிட்டா என்ன அறிகுறி?

#18 ஆரம்பாக்கம்_ஓவர்ஃப்ளோ

ஆட்டோமேட்டிக்கில் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், பம்ப் நுரையைத் தள்ளும், அழுத்தம் நடுங்கும். டி போட்டதும் ஒரு நொடி தாமதம், பிறகு உதறல், நெடுஞ்சாலையில் சூடு ஏறுதல். குறைவானாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதனால் அறிகுறியை வைத்து ஊகித்து ஊற்றவோ எடுக்கவோ வேண்டாம், சூடு பார்த்து ஓவர்ஃப்ளோவைத் திறந்து பாருங்கள். மேனுவலில் அதிகமானால் பிரீதர் வழியாகக் கக்கும், பாக்ஸ் மேலெல்லாம் ஈரமும் புழுதியும் ஒட்டும்.

#19 சாரல்_செங்கோட்டை

முடிச்சதும் ஒரு விஷயம். முதல்ல டேங்கோட அழுத்தத்தை முழுசா விட்டுட்டுத்தான் மூடியைத் திருகணும். பால் வால்வு மூடியிருந்தா உள்ளே காற்று அப்படியே நிக்கும், திருகின மூடி தாடையில அடிக்கும்.

#20 கம்பம்மெட்டு_ஃபோர்வீல்

சரிண்ணே. வடிச்ச பழைய ஆயில் அஞ்சாறு லிட்டர் சேரும். இங்க மரச்சட்டத்துக்குக் கரையானுக்குப் பூசக் கேக்குறாங்க.

#21 குழித்துறை_ஸ்பேனர்

கொடுக்காதே. அபாயகரக் கழிவுகள் விதிகள், 2016 படி பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்புகள் பேரலில் சேர்த்து அவர்களுக்குக் கொடுக்கும், உன் கேனை அங்கே ஊற்றச் சொல்லு. முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் ஒரு சொட்டு போகக் கூடாது. கியர் ஆயிலையும் ஏ.டி.எஃப்.பையும் ஒரே கேனில் ஊற்றலாம். கூலன்ட்டையும் பெட்ரோலையும் அதில் கலக்காதே, கலந்தால் அவர்களும் வாங்க மாட்டார்கள்.